பாலைவன வீட்டில் முதல் கோடை: பீனிக்ஸுக்குக் குடிவருபவர்களுக்கான பூச்சி வழிகாட்டி

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் உள்ள பீனிக்ஸ் பெருநகரத்தின் தென்கிழக்குப் புறநகர்களான சாண்ட்லருக்கும் கில்பர்ட்டுக்கும் வேலை நிமித்தமாகக் குடிவரும் நம் குடும்பங்கள், முதல் வாரத்தில் வாங்கும் சாமான்களில் அரிசி மூட்டைக்கும் குக்கருக்கும் அடுத்தபடியாக ஒரு புற ஊதா டார்ச்சையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இங்குள்ள கடைகளில் 'பிளாக் லைட்' என்று கேட்டால் கொடுப்பார்கள். வீட்டைச் சுற்றி யார் யார் குடியிருக்கிறார்கள் என்பதை அந்த ஒரு டார்ச் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால், மருந்து அடிக்கும் ஆளைக் கூப்பிடுவதற்கு முன்பே அதை வாங்கிவிடுவது நல்லது.

காய்ந்த பூமியில் என்ன பூச்சி வந்துவிடப்போகிறது என்ற எண்ணத்தோடுதான் நானும் இந்த ஊருக்கு வந்தேன். ஆண்டு முழுவதும் சேர்த்து ஏறத்தாழ 180 மில்லிமீட்டர் மழைதான் இங்கே பெய்யும். 2023ஆம் ஆண்டில் ஜூன் 30 தொடங்கி 31 நாட்கள் தொடர்ச்சியாகப் பகல் வெப்பம் 110 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டது அல்லது தாண்டியது. அது 43 செல்சியஸுக்கும் மேல். இப்படிப்பட்ட வெட்டவெளியில் குளிரூட்டிய அறைகளும், ஒழுகும் தோட்டக் குழாயும், செடிகளுக்குச் சொட்டும் நீரும் உள்ள ஒரு வீடு எத்தனை உயிர்களைச் சுண்டி இழுக்கும் என்பதை யோசித்தால், பிரச்சினையின் வேர் பிடிபட்டுவிடும். ஈரத்தைத் தேடிக் கரப்பானும் சுவர்க்கோழியும் வருகின்றன. அவற்றைத் தின்னத் தேளும் சிலந்தியும் பின்னாலேயே வருகின்றன. ஆகவே இங்கே வேலையை மருந்து டப்பாவிலிருந்து தொடங்காமல், தண்ணீரிலிருந்தும் சந்துபொந்துகளிலிருந்தும் தொடங்க வேண்டும்.

முதல் வேலை: இரவில் ஒரு சுற்று

இரவு வெப்பம் 70 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே இறங்காத நாட்களில், அதாவது பெரும்பாலும் மே மாதத்துக்குப் பிறகு, இருட்டி ஒன்றிரண்டு மணி நேரம் கழித்து மூடிய காலணி அணிந்துகொண்டு, டார்ச்சுடன் கொல்லைப்புறத்தை ஒரு சுற்று சுற்றி வாருங்கள். தேளின் மேல்தோலில் உள்ள ஒரு படலம் புற ஊதா ஒளியில் மஞ்சள் கலந்த பச்சை நிறத்தில் ஒளிரும். சரளைக் கல்லுக்கு நடுவே சாதாரண டார்ச்சில் கண்ணுக்கே தட்டுப்படாத தேள், இந்த ஒளியில் பல அடி தள்ளி நின்று பார்த்தாலும் தெரியும். அண்மையில் தோலுரித்த தேள் மட்டும் சரியாக ஒளிராது. வீடுகளைப் பிரிக்கும் சிமெண்ட் பிளாக் மதிலின் இணைப்புகள், மதிலின் தலைப்பலகைக்கு அடிப்புறம், பனைமரத் தண்டு, வெளிச்சுவர் தரையைத் தொடும் விளிம்பு, தண்ணீர் மீட்டர் பெட்டி ஆகிய இடங்களை நிதானமாகப் பாருங்கள். என் வீட்டு மதிலில் முதல் இரவு ஏழு தேள்களை எண்ணினேன். அவற்றில் ஒன்று தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் முதுகு முழுவதும் வெள்ளை அரிசியை அப்பிவைத்தது போலக் குட்டிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. தேள் முட்டையிடுவதில்லை, குட்டி போடுகிறது. அந்தக் குட்டிகள் முதல் தோலை உரிக்கும்வரை தாயின் முதுகைவிட்டு இறங்குவதில்லை என்பதை அன்றுதான் கண்ணால் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

எல்லாத் தேளும் ஒன்றல்ல என்பதால் மூன்றை அடையாளம் தெரிந்துகொள்ள வேண்டும். ஐந்து அங்குலத்துக்கும் மேல் வளரக்கூடிய ரோமத் தேள் பார்க்கத்தான் பயங்கரமானது. அது கொட்டினால் பெரும்பாலானவர்களுக்குத் தேனீ கொட்டியது போன்ற வலியோடு போய்விடும். வாலில் கோடுகள் உள்ள வரித்தேள் நடுத்தர அளவில், தடித்த வாலுடன், கல்லுக்கும் செடிக்கும் அடியில் தரையோடு தரையாகக் கிடக்கும். நாம் உண்மையில் அஞ்ச வேண்டியது மூன்றாவதான 'பார்க் ஸ்கார்பியன்' என்னும் மரப்பட்டைத் தேளுக்குத்தான். இரண்டு அல்லது மூன்று அங்குல நீளம், வைக்கோல் நிறம், மெலிந்த இடுக்கிகள், மெலிந்த வால். சும்மா இருக்கும்போது வாலை மேலே தூக்காமல் பக்கவாட்டில் சுருட்டி வைத்திருக்கும். சொரசொரப்பான சுவரில் சரசரவென்று ஏறுவதும், பொருட்களின் அடிப்புறத்தைப் பற்றித் தலைகீழாக ஒட்டிக்கொள்வதும் இதன் வழக்கம். வெளியில் கிடக்கும் செங்கல்லையோ ஈரத் துண்டையோ பொம்மையையோ எடுக்கும்போது விரல் போய்ப் படுவது அடிப்பக்கத்தில்தான் என்பதால், இந்த வழக்கத்தால்தான் பலர் கொட்டு வாங்குகிறார்கள்.

கண்ட தேளை நீளமான இடுக்கியால் பிடித்து, சோப்புத் தண்ணீர் ஊற்றிய மூடியுள்ள பாட்டிலில் போட்டுவிடலாம். மருந்து தெளித்துத் தேளைக் கொல்வது கடினம். மேலே நேராகப் பட்டால்தான் ஓரளவு வேலை செய்யும், காய்ந்த மருந்தின் மேல் அது பாட்டுக்கு நடந்து போய்விடும். வாரத்துக்கு இரண்டு இரவு என்று ஒரு மாதம் கையால் பிடித்ததில் எங்கள் மதிலில் எண்ணிக்கை கண்கூடாகக் குறைந்தது.

கொட்டிவிட்டால்

கொட்டிய இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, குளிர்ந்த ஒத்தடம் கொடுங்கள். கீறிவிடுவது, இறுகக் கட்டுவது போன்ற பழைய வைத்தியம் எதுவும் வேண்டாம். அதன்பின் 1-800-222-1222 என்ற நச்சு ஆலோசனை எண்ணை அழையுங்கள். இது இருபத்து நான்கு மணி நேரமும் இயங்கும் இலவசச் சேவை; வீட்டிலேயே இருக்கலாமா, மருத்துவமனைக்குப் போக வேண்டுமா என்பதை அவர்கள் சொல்வார்கள். நல்ல உடல்நிலையில் உள்ள பெரியவர்களுக்குப் பெரும்பாலும் கடுத்தலும் மரத்துப்போதலும் கையோ காலோ முழுவதும் ஊர்ந்து ஏறும் கூச்சமும் ஓரிரு நாட்கள் இருந்து அடங்கும். கொட்டிய இடத்தை விரலால் லேசாகத் தட்டினாலே வலி சுரீரென்று ஏறுவது மரப்பட்டைத் தேளுக்கான ஓர் அறிகுறி.

குழந்தைகள் விஷயம் வேறு. காரணம் புரியாமல் வீரிட்டு அழுவது, கண் விழிகள் கட்டுப்பாடின்றிச் சுழல்வது, வாயில் எச்சில் வடிவது, கை கால் வெட்டி வெட்டி இழுப்பது, மூச்சு சிரமப்படுவது ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் தயங்காமல் 911 என்ற அவசர உதவி எண்ணை அழைத்துவிட வேண்டும். இதற்கான முறிமருந்தான 'அனாஸ்கார்ப்' 2011ஆம் ஆண்டில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகத்தின் அனுமதி பெற்றது. அதைக் கொடுத்தால் சில மணி நேரத்திலேயே குழந்தை தெளிந்துவிடுவது வழக்கம். கைக்குழந்தை உள்ள வீட்டில் தொட்டிலைச் சுவரிலிருந்து நகர்த்தி, விரிப்பு தரையில் புரளாமல் பார்த்து, தொட்டிலின் கால்களை வழுவழுப்பான கண்ணாடிச் சாடிகளுக்குள் நிறுத்தி வையுங்கள். சுவர் ஏறும் தேளால் சுத்தமான கண்ணாடியில் ஏற முடியாது. தவறி விழுந்த தேள் குளியல் தொட்டியிலேயே சிக்கிக் கிடப்பதும் இதனால்தான். ஆகவே குழந்தையைக் குளிப்பாட்டத் தண்ணீர் திறப்பதற்கு முன் தொட்டியை ஒருமுறை பார்த்துவிடுங்கள். நாம் தரையில் பாய் விரித்துப் படுத்துப் பழகியவர்கள். இங்கே முதல் கோடை முடியும்வரை கட்டிலுக்கு மாறிக்கொள்வதே என் யோசனை.

சந்துகளை அடைப்பது

மரப்பட்டைத் தேளுக்கு உள்ளே நுழைய 1/16 அங்குல இடைவெளி, அதாவது ஒன்றரை மில்லிமீட்டர், போதும். பகலில் எல்லா விளக்குகளையும் அணைத்துவிட்டு, வெளிக்கதவுகளின் அடியில் வெளிச்சம் கசிகிறதா என்று தரையில் குனிந்து பாருங்கள். வெளிச்சம் நுழையும் இடத்தில் பூச்சியும் நுழையும். கதவடியில் பொருத்தும் ரப்பர் பட்டையை 'டோர் ஸ்வீப்' என்ற பெயரில் வாங்கி, அரை மணி நேரத்தில் நீங்களே மாட்டிவிடலாம். கேரேஜ் கதவின் அடி ரப்பர் இந்த ஊர் வெயிலில் சில ஆண்டுகளிலேயே வெடித்துவிடும். அதிலும் இரண்டு மூலைகளில் எலி நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டுப்போவது சகஜம். சமையலறைத் தொட்டிக்கும் கழிப்பறைக்கும் பின்னால் சுவரைத் துளைத்துக்கொண்டு வரும் குழாய்களைச் சுற்றி, ஜன்னல் சட்டங்களின் ஓரம், வெளியே உள்ள குளிரூட்டி இயந்திரத்திலிருந்து சுவருக்குள் போகும் குழாய் ஆகிய இடங்களில் சிலிக்கான் பசையால் அடைக்கலாம்.

ஓர் இடத்தை மட்டும் அடைக்கக் கூடாது. இங்குள்ள வீடுகளின் 'ஸ்டக்கோ' எனப்படும் வெளிச்சுவர் சிமெண்ட் பூச்சு தரைக்குச் சில அங்குலம் மேலே ஓர் உலோக விளிம்போடு முடியும்; 'வீப் ஸ்க்ரீட்' என்று அதற்குப் பெயர். பூச்சுக்குள் இறங்கும் ஈரம் வெளியேறுவதற்காக விடப்பட்ட வழி அது. பூச்சி வரும் என்று பயந்து அதைப் பசையால் அடைத்தால், ஈரம் உள்ளேயே தங்கி மரச்சட்டம் உளுத்து, கரையானுக்கு விருந்து வைத்ததாகிவிடும். அந்த விளிம்பு மண்ணிலோ சரளையிலோ புதையாமல் இருக்கும்படி தரையைத் தாழ்த்தி வைப்பதுதான் சரியான முறை. வாடகை வீடானால் இவற்றையெல்லாம் உங்கள் செலவில் செய்யத் தொடங்குவதற்கு முன், படத்துடன் உரிமையாளருக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

தண்ணீர், கரப்பான், சுவர்க்கோழி

நாலு சென்டிமீட்டர் நீளத்தில், செம்பழுப்பு நிறத்தில், கழுத்துப் பகுதியில் மஞ்சள் வளையம் போட்டது போல வரும் பெரிய கரப்பான், ஊர்ப் பாதாளச் சாக்கடையில் வாழ்வது. அது வீட்டுக்குள் வரும் வழி பலருக்குத் தெரிவதில்லை. தரை வடிகாலுக்கும் தொட்டிகளுக்கும் கீழே வளைந்த குழாயில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நின்று, சாக்கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் பூட்டுப் போட்டிருக்கும். புழங்காத குளியலறையில் இந்த ஊர் வறட்சிக்கு அந்தத் தண்ணீர் சீக்கிரமே ஆவியாகிவிடுகிறது, பூட்டு திறந்துவிடுகிறது. விருந்தினர் குளியலறையில் மட்டும் ஏன் கரப்பான் வருகிறது என்று நாங்கள் இரண்டு மாதம் மண்டையைக் குழப்பிக்கொண்ட பிறகு, வாரம் ஒருமுறை அங்கே ஒரு வாளித் தண்ணீர் ஊற்றத் தொடங்கியதும் தொல்லை நின்றது. ஊருக்குப் போகும்போது வடிகால்களில் தண்ணீர் நிரப்பி, மேலே ஒரு கரண்டி சமையல் எண்ணெய் விட்டு, அடைப்பானைப் போட்டு மூடிவிட்டுப் போனால், திரும்பி வரும்வரை தாங்கும்.

சிறியதாக, வெளிர் பழுப்பில், கழுத்துக்குப் பின்னால் இரண்டு கருங்கோடுகளுடன் சமையலறையில் ஓடினால் அது ஜெர்மன் கரப்பான். அது சாக்கடை வழியாக வராமல் அட்டைப்பெட்டியிலும் பழைய மைக்ரோவேவிலும் ஒளிந்து நம்மோடுதான் வருகிறது. ஒரு முட்டைப் பையில் முப்பதுக்கும் மேற்பட்ட குஞ்சுகள் இருக்கும் என்பதால் ஒன்றைப் பார்த்த அன்றே வேலையைத் தொடங்குங்கள். இதற்குத் தெளிப்பு மருந்தைவிட, அலமாரிக் கீல்களிலும் ஃபிரிட்ஜின் பின்புறத்திலும் துளித் துளியாக வைக்கும் இரை ஜெல் நன்றாக வேலை செய்யும். ஜெல் வைத்த இடத்தில் தெளிப்பும் அடித்தால் கரப்பான் ஜெல்லை அண்டாது.

இரவில் கிறீச் கிறீச்சென்று கத்தும் சுவர்க்கோழிக்கு இங்கே 'இந்திய வீட்டுச் சுவர்க்கோழி' என்றே பெயர். நமக்கு முன்பே குடிவந்துவிட்ட ஊர்க்காரர் என்று வைத்துக்கொள்ளலாம். அது கடிக்காது, நோய் பரப்பாது; ஆனால் தேளுக்குப் பிடித்த இரை அது. வாசல் விளக்கை மஞ்சள் எல்.இ.டி.யாக மாற்றி, சுவரை ஒட்டி அடுக்கிய விறகையும் பெட்டிகளையும் அகற்றி, சொட்டு நீர்க் குழாய்களைச் சுவரிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி வைத்தால் சுவர்க்கோழி குறையும். அது குறைந்தால் தேளுக்கும் இங்கே வேலை இருக்காது.

அரிசி மூட்டை வண்டும் பருப்பு அந்துப்பூச்சியும் பாலைவனத்துக்கே உரியவை அல்ல, கடையிலிருந்தே வருகின்றன. புதிதாக வாங்கிய சிறு பைகளை நான்கு நாட்கள் ஃப்ரீசரில் வைத்து எடுத்து, இறுக்கமான மூடியுள்ள டப்பாவில் கொட்டி வையுங்கள்.

மழைக்காலத்தில்

இங்கும் 'மான்சூன்' உண்டு. வானிலைத் துறையின் கணக்கில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 30 வரை. ஒரு மாலை புழுதிப் புயலோடு கொட்டி ஓய்ந்ததும், இரவில் விளக்கடியில் ஈசல் பறப்பதைப் பார்த்தால் ஊர் ஞாபகத்தில் மகிழ்ந்துவிடாதீர்கள். வீட்டுக்கு உள்ளே ஜன்னலடியில் உதிர்ந்த சிறகுகள் கிடந்தால், கரையான் ஏற்கெனவே வீட்டுக்குள் இருக்கிறது என்று பொருள். சிறகுள்ள எறும்பும் அப்போது பறக்கும் என்பதால் உற்றுப் பாருங்கள்: ஈசலுக்கு இடுப்பு ஒடுங்காது, நான்கு சிறகும் ஒரே நீளம், உணர்கொம்பு நேராக இருக்கும்; எறும்புக்கு இடை ஒடுங்கியிருக்கும், முன்சிறகு நீளம், உணர்கொம்பு மடிந்திருக்கும். பாலைவனக் கரையான் பென்சில் பருமனுக்கும் குறைவான மண்குழாய்களை அடித்தளச் சுவரின் மேல் கட்டும். சில சமயம் கூரைத் தட்டியிலிருந்து விழுது போலவும் தொங்கவிடும். குழாயை உடைத்துவிட்டு நான்கைந்து நாள் கழித்துப் பாருங்கள், மீண்டும் கட்டியிருந்தால் கூட்டம் உயிரோடு இருக்கிறது. கரையானை மட்டும் நாமே சமாளிக்க முயலாமல் உரிமம் பெற்றவரிடம் விட்டுவிட வேண்டும்.

கொசுவைப் பாலைவனத்தில் எதிர்பார்க்க மாட்டோம். ஆனால் 2021ஆம் ஆண்டில் இந்த மாரிகோப்பா மாவட்டத்தில் 1,400க்கும் மேற்பட்டோருக்குக் கொசுவால் பரவும் வெஸ்ட் நைல் காய்ச்சல் கண்டது. டெங்கு கொசு எனப்படும் ஏடிஸ் எஜிப்தியும் இங்கு இருக்கிறது. துளசித் தொட்டியின் அடித்தட்டு, பறவைக்கு வைக்கும் தண்ணீர்க் கிண்ணம், பாசி பிடித்த நீச்சல் குளம் ஆகியவற்றை வாரம் ஒருமுறை கவனித்தால் போதும்.

குளிர்காலத்திலும் கேரேஜிலும்

நவம்பருக்குப் பிறகு தேள்கள் கண்ணில் படாவிட்டாலும் செத்துவிடவில்லை. மதில் பொந்திலும் மரப்பட்டைக்குள்ளும் கூட்டமாக முடங்கிக் கிடக்கும். சந்து அடைக்கும் வேலைக்கு அதுவே சரியான பருவம். அதே மாதங்களில்தான் ஆரஞ்சும் எலுமிச்சையும் பழுக்கும், கூரை எலி வரும். 2001 வாக்கில் பீனிக்ஸின் ஆர்கேடியா பகுதியில் தலைகாட்டிய இந்த எலி, இன்று பழமரங்கள் உள்ள பல பேட்டைகளில் உண்டு. மரத்திலேயே தொங்கும் பழத்தில் ஒரு துளை போட்டு, தோலை விட்டுவிட்டு உள்ளே உள்ள சுளை முழுவதையும் தின்றிருந்தால் அது கூரை எலியின் கைவரிசை. பழுத்ததைப் பறித்துவிடுங்கள், கூரையைத் தொடும் கிளைகளை நான்கடியாவது தள்ளி வெட்டுங்கள், அரை அங்குலத் துளைகளைக் கம்பி வலையால் அடையுங்கள். ஊரின் ஓரத்தில், பாலைவனத்தை ஒட்டிக் குடியிருப்பவர்களின் கார் இன்ஜினில் வேறொரு காட்டெலி கள்ளிமுள்ளைக் கொண்டுவந்து சேர்த்து வயர்களைக் கடித்துவைக்கும்; அங்கே சிலர் இரவில் பானெட்டைத் திறந்தே வைப்பதற்குக் காரணம் அதுதான்.

கேரேஜ் மூலையில், தோட்ட நாற்காலிக்கு அடியில், ஒழுங்கில்லாமல் பின்னிய வலையைக் குச்சியால் இழுத்தால் நூல் அறுபடும் சத்தம் காதில் கேட்கும் அளவுக்கு முரடாக இருந்தால், அது கருப்பு விதவைச் சிலந்தியின் வலை. வயிற்றின் அடிப்புறத்தில் உடுக்கை வடிவத்தில் சிவப்பு அடையாளம் இருக்கும். அங்கே கையுறை இல்லாமல் கை வைக்கக் கூடாது. வெளியே விட்ட காலணியை உதறாமல் அணியக் கூடாது. தோட்ட நீர்ப்பாசன வால்வுப் பெட்டிக்குள் தேனீ போய்வந்தால் மூடியைத் திறக்காதீர்கள். அரிசோனாவுக்கு 1993இல் வந்த ஆப்பிரிக்கக் கலப்பினத் தேனீ கூட்டமாகத் துரத்தக்கூடியது. துரத்தினால் முகத்தை மூடிக்கொண்டு வீட்டுக்குள்ளோ காருக்குள்ளோ ஓட வேண்டும், நீச்சல் குளத்தில் குதிக்கக் கூடாது.

மருந்து அடிப்பவரை அழைக்கும்போது

மாநில வேளாண்மைத் துறையின் பூச்சி மேலாண்மைப் பிரிவு வழங்கும் உரிமத்தைக் கேட்டுப் பாருங்கள். மாதந்தோறும் பணம் கட்டும் ஒப்பந்தத்தில் உடனே கையெழுத்திட வேண்டாம். எங்கள் முதல் ஆண்டில் வந்தவர் மாதம் ஒருமுறை சுவரைச் சுற்றி ஒரு வட்டம் தெளித்துவிட்டு ஐந்து நிமிடத்தில் போய்விடுவார். கதவடி ரப்பரைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொன்னதில்லை, தேளும் குறையவில்லை. எந்தப் பூச்சிக்கு எந்த மருந்து, எங்கே அடிப்பார், குழந்தை எவ்வளவு நேரம் விலகியிருக்க வேண்டும் என்று கேளுங்கள். நுழையும் வழிகளைச் சுட்டிக்காட்டுபவருக்கே பணம் கொடுங்கள்.

வீட்டுக்குள் என்ன நடமாடுகிறது என்று தெரிந்துகொள்ளக் கதவோரங்களில் பசை அட்டை வைப்பது நல்ல வழி. ஆனால் வாசல் விளக்கருகே வைக்க வேண்டாம். அங்கே சுவரில் இரவெல்லாம் பூச்சி தின்றுகொண்டிருப்பது நம் ஊர்ப் பல்லியின் சொந்தக்காரன்தான், நமக்கு உதவுபவன். அவன் அட்டையில் ஒட்டிக்கொண்டால் பிடித்து இழுக்காமல், காலைச் சுற்றிக் கொஞ்சம் சமையல் எண்ணெய் விட்டு, பசை இளகியதும் மெதுவாகச் சுவரோரம் இறக்கிவிடுங்கள்.